மலையகச் சிசுக்களுக்கு உரிய வேளையில் உரிய அளவு மருந்து

ஒரு நாட்டின் சுகாதார சேவை எவ்வளவு தூரம் மக்களைச் சென்றடைந்துள்ளது என்பதை அறிந்துகொள்வதற்கு மிகச் சிறந்த அளவுகோலாக அமைவது அந்நாட்டின் சிசு மரண வீதமாகும். இந்த விடயத்தில் இலங்கை நீண்டகாலமாகவே தெற்காசியாவுக்கு முன்மாதிரியாகத் திகழ்ந்து வருகின்றது. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் அதிகமானவை இன்று வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. குடும்பநல மருத்துவமாதுக்கள் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்வையிடுகின்றனர். வருமானத்தில் எம்மைவிடப் பன்மடங்கு உயர்ந்த நாடுகளின் சுட்டிகளுடன் ஒப்பிடத்தக்க நிலையை எமது நாடு எட்டியிருப்பது பெருமைக்குரியதே.

ஆனால், சராசரி என்பது பல சமயங்களில் உண்மையை மறைக்கும் திரையாகவும் அமைந்துவிடுகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் ஏறத்தாழ 17 சதவீதமாக இருக்கையில், பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32 சதவீதமாகும். நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் நகர, கிராமப்புறங்களை விடத் தோட்டங்களிலேயே உயர்வாகக் காணப்படுகின்றது. இரத்தச் சோகையுடனும் போஷாக்கின்மையுடனும் கொழுந்து கொய்யும் தாயின் வயிற்றில் வளரும் குழந்தை, உலகத்தைக் காணும்போதே பலவீனமாகப் பிறக்கின்றது. பலவீனமாகப் பிறக்கும் குழந்தையைத்தான் நோய்த்தொற்று முதலில் தேடி வருகின்றது. இந்தப் பின்னணியிலேயே, பிறந்து ஒரு மாதம் கூட நிறைவுறாத சிசுக்களுக்கு ஏற்படும் கடுமையான கிருமித்தொற்று பற்றியும், அதற்கு வழங்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் அளவு பற்றியும், அம்மருந்து மலையகத்தில் உரிய வேளையில் கிடைக்கின்றதா என்பது பற்றியும் சிந்திக்க வேண்டியவர்களாக உள்ளோம்.

உலகில் 2023ஆம் ஆண்டில் பிறந்து 28 நாட்களுக்குள் உயிரிழந்த சிசுக்களின் எண்ணிக்கை 23 இலட்சம் என ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு கூறுகின்றது. குறைமாதப் பிறப்பும் பிறப்பின்போது ஏற்படும் மூச்சுத்திணறலும் இம்மரணங்களுக்கு முக்கிய காரணங்களாக இருக்க, அவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது கிருமித்தொற்றாகும். இரத்தத்தில் கிருமி பரவுதல், நியூமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் பச்சிளம் குழந்தையிடத்தில் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவாறு தோன்றுகின்றன. காலையில் பால் குடித்த குழந்தை மாலையில் பால் குடிக்க மறுக்கும். நள்ளிரவில் அசைவற்றுக் கிடக்கும். நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கிலேயே இந்நோயின் போக்கு தீர்மானிக்கப்படுகின்றது. நோய் சந்தேகிக்கப்பட்டு மருந்து வழங்கத் தீர்மானித்ததும் ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் மருந்து ஏற்றப்பட்டுவிட வேண்டும் என்று பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டி வலியுறுத்துவதன் காரணமும் இதுவேயாகும்.

இந்த ஒரு மணித்தியாலத்தை மஸ்கெலியாவிலோ, பொகவந்தலாவையிலோ, டயகமவிலோ உள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். வைத்தியசாலையில் பிரசவம் நடந்து, சுகப்பிரசவமெனில் ஓரிரு நாட்களில் தாயும் சேயும் லயன் காம்பராவுக்குத் திரும்பிவிடுகின்றனர். பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் தோன்றும் தொற்றைப் பெரும்பாலும் வைத்தியசாலையே கண்டுகொள்ள வாய்ப்புண்டு. அதன் பின்னர் தோன்றும் தொற்று, புகை சூழ்ந்த ஒற்றை அறையிலேயே தோன்றுகின்றது. அங்கே அதனைக் கண்டுகொள்ள வேண்டியவர் அந்தத் தாயும், வீட்டிலிருக்கும் பாட்டியுமேயாவர். குழந்தை சோர்ந்து கிடந்தால் "சளி பிடித்துவிட்டது" என்றோ, "மாந்தம்" என்றோ, "கண்ணூறு" என்றோ எண்ணி ஓர் இரவைக் கழித்துவிடுவது இயல்பு. இதனை அறியாமை என்று பழித்துவிட்டு அப்பால் செல்வது எளிது. எனினும், நோயின் அறிகுறி இதுதான் என்று அந்தத் தாய்க்கு அவளது மொழியில் எவரேனும் எடுத்துக் கூறினரா என்று கேட்பதே நியாயமானதாகும்.

அறிகுறிகள் மிகவும் சிக்கலானவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் அவற்றை எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வகையில் வகுத்துத் தந்திருக்கின்றது. குழந்தை சரிவரப் பால் குடியாமை, வலிப்பு, நிமிடத்துக்கு 60 தடவைகளோ அதற்கு மேலாகவோ மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி கடுமையாக உட்குழிதல், உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் உயர்தல், 35.5 பாகைக்குக் கீழே இறங்குதல், தூண்டினால் மட்டுமே அசைதல் அல்லது அசைவே இன்றிக் கிடத்தல் என்பனவே அவையாகும். இவற்றுள் மலையகத்தைப் பொறுத்தவரையில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது உடல் வெப்பம் குறைதலாகும். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே அமைந்துள்ள நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் குழந்தையின் உடல் குளிர்ந்திருந்தால் அதனைப் பனியின் விளைவென்றே எவரும் கருதுவர். காய்ச்சல் காய்ந்தால்தான் நோய் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கும் ஒரு சமூகத்தில், குளிர்ந்த உடலும் கடும் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்ற செய்தி சென்றடைந்தாக வேண்டும்.

இனி, மருந்தின் அளவு என்ற விடயத்துக்கு வருவோம். பச்சிளங்குழந்தை என்பது சிறிய உருவிலான வளர்ந்த மனிதன் அல்ல என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1950களில் குளோரம்பெனிகோல் என்ற மருந்து மிகவும் ஆற்றல் வாய்ந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாகப் போற்றப்பட்டது. பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுப்பதற்கென அது வழங்கப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மேற்கொள்ளப்பட்டு 1959இல் வெளியான ஆய்வொன்று அதிர்ச்சி தரும் உண்மையை வெளிக்கொணர்ந்தது. மருந்து எதுவும் பெறாத குழந்தைகளில் உயிரிழந்தோர் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க, குளோரம்பெனிகோல் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் உயிரிழந்திருந்தனர். குழந்தைகளின் முதிராத ஈரலால் அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்ற இயலவில்லை. உடலில் தேங்கிய மருந்தே நஞ்சாக மாறியது. குழந்தைகளின் உடல் சாம்பல் நிறமாக மாறியதால் "சாம்பல் நிறக் குழந்தை" நோய் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. காக்க வந்த மருந்தே கொன்ற வரலாறு இது.

இன்று உலகெங்கும் சிசுக்களின் கடும் தொற்றுக்கு முதல் மருந்தாக அம்பிசிலின் அல்லது பென்சிலினுடன் ஜென்டமைசின் என்ற மருந்தும் சேர்த்து வழங்கப்படுகின்றது. மலிவானதும் பல தசாப்தங்களாகப் பழகியதுமான மருந்துகள் இவை. ஆயினும் இவற்றின் அளவைத் தீர்மானிப்பதில் உள்ள நுட்பம் சாதாரணமானதன்று. ஜென்டமைசின் சிறுநீரகத்தின் ஊடாகவே உடலைவிட்டு வெளியேறுகின்றது. பிறந்த முதல் வாரத்தில் சிறுநீரகம் முழுமையாகச் செயற்படுவதில்லை. நாளுக்கு நாள் அது முதிர்ச்சியடைகின்றது. எனவே முதல் வாரத்தில் ஓர் அளவும் இரண்டாம் வாரம் முதல் வேறோர் அளவும் தேவைப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுக் கைநூலின்படி, முதல் வாரத்தில் இயல்பான நிறையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமும், நிறை குறைந்த குழந்தைக்கு 3 மில்லிகிராமும், இரண்டாம் வாரத்திலிருந்து 7.5 மில்லிகிராமும் நாளுக்கு ஒரு தடவை வழங்கப்பட வேண்டும். பிரித்தானிய வழிகாட்டியோ 5 மில்லிகிராமை 36 மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை வழங்குமாறு கூறுகின்றது. வழிகாட்டிகளுக்கிடையே வேறுபாடு இருப்பினும், நிறையும் வயதும் தெரியாமல் இம்மருந்தை ஏற்றக்கூடாது என்பதில் இரண்டுக்குமிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பாரதூரம் புரியும். பிறந்து மூன்று நாளான, இரண்டு கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு மேற்கூறிய கைநூலின்படி தேவைப்படுவது 6 மில்லிகிராம். பத்து நாளான, மூன்று கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது 22.5 மில்லிகிராம். ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. வளர்ந்தோருக்கான ஜென்டமைசின் குப்பியொன்றில் இரண்டு மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் அடங்கியுள்ளது. அதிலிருந்து அந்த மூன்று நாள் குழந்தைக்கு எடுக்க வேண்டியது 0.15 மில்லிலீற்றர் மட்டுமே. ஐந்து மில்லிலீற்றர் ஊசிக்குழலில் அதனைச் சரியாக அளக்கவே முடியாது. ஒரு மில்லிலீற்றர் குழல் வேண்டும். தசமப் புள்ளி ஓர் இடம் தவறினால் அளவு பத்து மடங்காகிவிடும். குழந்தைகளுக்கெனத் தயாரிக்கப்படும் குப்பியில் மருந்தின் செறிவு இதன் நான்கில் ஒரு பங்கே என்பதால், குப்பி மாறி அதே 0.15 மில்லிலீற்றரை எடுத்தால் குழந்தைக்குக் கால் பங்கு மருந்தே கிடைக்கும். கூடினால் சிறுநீரகத்துக்கும் செவிப்புலனுக்கும் கேடு. குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

இவ்விரு மருந்துகளும் வேலை செய்யும் விதத்திலும் வேறுபாடுண்டு. ஜென்டமைசின் ஒரே தடவையில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும்போதே கிருமியை வலுவாகத் தாக்குகின்றது. ஆகவே பிரித்துப் பிரித்துச் சிறு அளவுகளாக வழங்குவதைவிட நாளுக்கு ஒரு தடவை முழுமையாக வழங்குவதே சிறந்தது. அம்பிசிலினோ தொடர்ச்சியாக இரத்தத்தில் நிலைத்திருக்க வேண்டும். அதனால்தான் முதல் வாரத்தில் 12 மணித்தியாலங்களுக்கு ஒரு தடவையும், பின்னர் எட்டு மணித்தியாலங்களுக்கு ஒரு தடவையும் வழங்கப்படுகின்றது. ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பில் இடைவெளி விழுந்துவிடும். செப்ட்ரியக்சோன் போன்ற வலிமை மிக்க மருந்துகள் இருக்கின்றனவே என்று சிலர் நினைக்கலாம். மஞ்சட்காமாலையுள்ள சிசுக்களுக்கும், கல்சியம் ஏற்றப்படும் சிசுக்களுக்கும் அம்மருந்து ஆபத்தானது என்பதை மறந்துவிடலாகாது. எஞ்சிய மருந்துப் பாணியை மூத்த பிள்ளையின் போத்தலிலிருந்து தேக்கரண்டியால் ஊற்றிக் கொடுப்பதோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதோ எவ்வளவு விபரீதமானது என்பதை இக்கணக்குகளே உணர்த்தும். இங்கு நாம் தரும் அளவுகள் விடயத்தின் நுட்பத்தை விளக்குவதற்கேயன்றி, எவரும் வீட்டில் பின்பற்றுவதற்கல்ல என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம்.

அளவு தவறுவதன் விளைவு அந்த ஒரு குழந்தையுடன் நின்றுவிடுவதுமில்லை. டெல்லியிலுள்ள மூன்று பெரிய வைத்தியசாலைகளில் 2011 முதல் 2014 வரை நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, சிசுக்களைத் தாக்கிய கிருமிகளிற் பெரும் பகுதி பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதவையாக மாறியிருந்ததை வெளிப்படுத்தியது. பழைய, மலிவான மருந்துகள் பயனற்றுப் போனால் விலையுயர்ந்த மருந்துகளை நாட வேண்டும். அவையும் பயனற்றுப் போனால் நாடுவதற்கு எதுவுமில்லை. இலங்கையும் இந்த ஆபத்தை உணர்ந்து 2017 முதல் 2022 வரையிலான காலத்துக்கென நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கிருமிகள் இசைவடைவதைத் தடுக்கும் தேசிய மூலோபாயத் திட்டத்தை வகுத்தது. ஊசி மருந்தை எல்லோர் கையிலும் கொடுத்துவிட முடியாது என்று நிபுணர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கின்றது.

ஆனால், தயக்கத்துக்கு மறுபுறத்தில் இன்னொரு நியாயமும் இருக்கின்றது. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்ற பின்தங்கிய மாவட்டத்தில் வைத்தியர்களான அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, சிசுக்களை வீட்டிலேயே பராமரிக்கவும், தொற்றை இனங்காணவும், பெற்றோர் வைத்தியசாலைக்குச் செல்ல இயலாதவிடத்து ஜென்டமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் வழங்கவும் வழி செய்தனர். 39 கிராமங்களில் நடைபெற்ற இம்முயற்சியின் மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக்குரிய கிராமங்களோடு நோக்குமிடத்து, பிறந்து 28 நாட்களுக்குள் நிகழும் மரணம் 62 சதவீதத்தால் குறைந்திருந்ததாக 1999இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரை தெரிவித்தது. எழுத்தறிவு குறைந்த ஒரு பகுதியில், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் இது சாத்தியம் என்பதை உலகம் அறிந்துகொண்டது.

இதனைத் தொடர்ந்து கொங்கோ, கென்யா, நைஜீரியா ஆகிய ஆபிரிக்க நாடுகளிலும், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய எமது அயல் நாடுகளிலும் ஆயிரக்கணக்கான சிசுக்களைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தப்பட்டன. வைத்தியசாலைக்குச் செல்ல முடியாத குடும்பங்களின் சிசுக்களுக்கு, ஏழு நாட்களும் இரண்டு ஊசிகள் என்ற முறைக்குப் பதிலாக, குறைந்த எண்ணிக்கையிலான ஜென்டமைசின் ஊசிகளும் வாய்வழி அமொக்சிசிலினும் வழங்கப்பட்டபோதும் பலன் ஒத்ததாகவே இருந்தது. அதன் அடிப்படையிலேயே உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. அதற்கு முன்னதாகவே, 2014இல் இந்திய அரசாங்கம் துணைத் தாதி மருத்துவிச்சிகள் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் ஜென்டமைசின் ஊசி ஏற்றுவதற்கு அனுமதியளித்திருந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பரிசோதனைகளில் உயிராபத்தான நிலையிலிருந்த குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. வைத்தியசாலைச் சிகிச்சையே முதன்மையானது. அதற்குச் செல்ல இயலாதவிடத்து மட்டுமே மாற்று வழி என்பதே வழிகாட்டியின் சாரம். மலையகத்துக்கு அந்த மாற்று வழியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு செய்தால், கொழும்பிலும் கண்டியிலும் உள்ள குழந்தைக்கு விசேட சிசுப் பராமரிப்புப் பிரிவு, தோட்டத்துக் குழந்தைக்குத் தொடையில் ஓர் ஊசி என்ற இரண்டாந்தர மருத்துவத்தை நாமே ஏற்றுக்கொண்டதாகிவிடும். இலவச சுகாதார சேவை என்பது இந்நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. தோட்டப் பிள்ளைகள் அதில் பாதி உரிமையாளர் அல்லர்.

எமது கோரிக்கை வேறானது. வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கு முன்னர் முதல் வேளை மருந்து ஏற்றப்பட வேண்டும் என்பதே அது. கடும் தொற்றின் அறிகுறியுள்ள குழந்தையை மேல்நிலை வைத்தியசாலைக்கு அனுப்பும்போது, முதல் வேளை அம்பிசிலினையும் ஜென்டமைசினையும் தசையில் ஏற்றி, தாய்ப்பாலூட்டி, தாயின் மார்போடு அணைத்துச் சூடாக வைத்து அனுப்ப வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகக் கூறிவரும் முறையாகும். இது வைத்தியசாலைச் சிகிச்சைக்கு மாற்றீடல்ல. பயணத்தில் வீணாகும் நேரத்தை மீட்டெடுக்கும் ஏற்பாடாகும். மேற்பிரிவிலிருந்து தோட்டப் பாதையில் இறங்கி, பிரதான வீதியை அடைந்து, பிரதேச வைத்தியசாலைக்கும் அங்கிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, தேவைப்படின் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டிக்கோ செல்லும் வழியில், முதல் மருந்து இறுதித் தரிப்பிடத்தில் அல்ல, முதல் தரிப்பிடத்திலேயே கிடைக்க வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை தடைகள் என்று கேட்போமாயின், பெருந்தோட்டச் சுகாதாரத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழிலாளரின் சுகாதாரப் பொறுப்பு தோட்ட நிர்வாகங்களைச் சார்ந்ததாகவே அமைந்தது. சுதந்திரத்தின் பின்னரும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் தேசிய சுகாதார சேவையின் ஓரத்திலேயே வைக்கப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினிச் சாவுகளுக்கு உள்ளாக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்ற போதிலும், அப்பணி முழுமை பெறவில்லை. தோட்ட மருந்தகங்களில் கடமையாற்றும் தோட்ட வைத்திய உதவியாளர்கள் கம்பனிகளின் ஊழியர்கள்; மருத்துவமாது அரசாங்கத்தின் ஊழியர். ஒரே குழந்தைக்கு இரு எஜமானர்கள் இருக்கும்போது பொறுப்பு எவருடையது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் முன்னேற்றம் எதுவும் ஏற்படவில்லை என்று கூறிவிட முடியாது. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் நிர்மாணிக்கப்பட்ட வைத்தியசாலைக் கட்டடத் தொகுதி 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியினால் திறந்துவைக்கப்பட்டது. நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலைக்கும் புதிய கட்டடத் தொகுதி கிடைத்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட '1990 சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. முன்னர் கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிச் சென்ற மக்களுக்கு இது பெரும் ஆறுதலாகும். எனினும், பிரதான வீதியில் நிற்கும் அம்புலன்ஸை அடைவதற்குச் செப்பனிடப்படாத தோட்டப் பாதையில் நள்ளிரவில் குழந்தையைச் சுமந்து நடக்க வேண்டிய மேற்பிரிவுகள் இன்னமும் இருக்கின்றன. கட்டடம் எழுப்புவது எளிது. அதன் வாயிலுக்கு நோயாளியைக் கொண்டு வந்து சேர்ப்பதே கடினம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளியின்போது மலையகம் அனுபவித்த துயரம் இந்த உண்மையை மீண்டும் நிரூபித்தது. மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டு, தோட்டங்கள் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தன. "வைத்தியசாலைக்குச் செல்ல இயலாதவிடத்து" என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வாசகம் ஆபிரிக்கக் கிராமங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று எண்ணியிருந்தோருக்கு, அது எமது மலைகளுக்கும் பொருந்தக்கூடும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. இத்தகைய வேளைகளில் எவர், எந்த அதிகாரத்துடன், எந்த அளவில் மருந்து வழங்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பது அனர்த்த முகாமைத்துவத்தின் ஓர் அங்கமாகக் கொள்ளப்பட வேண்டும்.

இனிச் செய்யப்பட வேண்டியவை எவை? முதலாவதாக, தோட்டங்களை அண்டிய பிரதேச வைத்தியசாலைகள் அனைத்திலும் எந்நேரமும் முதல் வேளை மருந்து வழங்குவதற்கான தயார் நிலை உறுதிப்படுத்தப்பட வேண்டும். அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. சிசுவின் நிறையைக் கிராம் கணக்கில் காட்டும் தராசு, ஒரு மில்லிலீற்றர் ஊசிக்குழல்கள், வெப்பமானி, இரண்டு மருந்துகள், நிறைக்கும் வயதுக்கும் ஏற்ற மில்லிலீற்றர் அளவை நேரடியாகக் காட்டும் சுவர் அட்டவணை என்பனவே போதுமானவை. அவசர வேளையில் எவரும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லாதவாறு அவ்வட்டவணையைச் சிசு நல மருத்துவ நிபுணர்கள் தயாரித்து, நாட்டின் தேசிய வழிகாட்டிகளுடன் இசைவாக வெளியிட வேண்டும். வழங்கிய மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றைக் குறித்த துண்டு குழந்தையுடனேயே செல்ல வேண்டும். இல்லையேல் அடுத்த வைத்தியசாலையில் அதே மருந்து மீண்டும் ஏற்றப்படும் ஆபத்து உண்டு.

இரண்டாவதாக, தோட்ட வைத்திய உதவியாளர்களின் நிலை தெளிவுபடுத்தப்பட வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியளித்து, அரச மருத்துவ அதிகாரியின் தொலைபேசி ஆலோசனையின் கீழ் முதல் வேளை மருந்து வழங்க அனுமதிக்கலாமா என்பதைச் சுகாதார அமைச்சும், குடும்ப சுகாதாரப் பணியகமும், பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியமும் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும். அனுமதிக்க முடியாது என்பது முடிவானால், அவ்விடத்துக்கு அனுமதி பெற்ற ஒருவரை அரசாங்கம் நியமிக்க வேண்டும். இரண்டில் ஒன்றும் செய்யாதிருப்பதே நியாயப்படுத்த முடியாதது.

மூன்றாவதாக, மொழி. பிரசவத்தின் பின்னர் முதல் பத்து நாட்களுக்குள் மருத்துவமாது வீடு சென்று பார்ப்பதே எமது சுகாதார முறைமையின் மகுடமாகும். அவ்வாறு செல்பவர் தமிழில் பேச இயலாதவராயின் அப்பயணத்தின் பாதிப் பயன் வீணாகின்றது. மலையக யுவதிகளை மருத்துவமாதுப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதில், கல்வித் தகைமை குறித்த பிரச்சினைகளுக்கு விசேட ஏற்பாடுகள் மூலம் தீர்வு காணப்பட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படும் மருந்தின் உறையில் அளவும் வேளையும் தமிழிலும் எழுதப்பட வேண்டும் என்பது சலுகையல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்ட நாட்டில் அது சட்டம் தரும் உரிமையாகும்.

நான்காவதாக, மருந்தின் கிடைப்பனவும் தரமும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அத்தியாவசிய மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாடு மறக்கவில்லை. 2023இல் வெளிவந்த தரமற்ற இமியூனோகுளோபியூலின் ஊசி மருந்து விவகாரம், முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்படும் அளவுக்குச் சென்றது. அட்டவணையிலுள்ள அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், குப்பியிலுள்ள மருந்து போலியாயின் அத்துல்லியத்தால் பயனில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை தன் கடமையைச் சுயாதீனமாக ஆற்றும் சூழல் பேணப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, நோய் வருமுன் காத்தல். தொப்புட்கொடியில் சாணமோ சாம்பலோ எண்ணெயோ பூசாது உலர்வாகவும் சுத்தமாகவும் வைத்திருத்தல், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், தாய்ப்பாலை மட்டுமே ஊட்டுதல், நிறை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்திருத்தல் ஆகியன எந்த ஊசியையும் விட மலிவானவை. ஆனால் சுத்தமான நீரும், காற்றோட்டமுள்ள வீடும் இல்லாத இடத்தில் சுத்தம் பற்றி உபதேசிப்பது பொருளற்றது. லயன் அறைகளை ஒழித்துத் தனி வீடுகள் அமைத்துக் கொடுப்பதும் சிசு மரணத் தடுப்பின் ஓர் அங்கமே.

தாயின் பொருளாதார நிலையும் இங்கு மறக்கப்படலாகாது. குழந்தையுடன் நகரத்து வைத்தியசாலையில் ஏழு நாட்களும், மூளைக்காய்ச்சலாயின் மூன்று வாரங்களும் தங்க வேண்டியிருக்கும். அந்நாட்களில் வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளைக் கவனிப்பதற்காகத் தந்தையும் வேலைக்குச் செல்லாவிட்டால் அவருக்குப் பெயர் விழாது, கூலியும் கிடைக்காது. இதனாலேயே குழந்தை சற்றுத் தேறியதும் பெற்றோர் தாமாகவே வீடு திரும்பிவிடும் அபாயம் எழுகின்றது. பாதியில் நிறுத்தப்பட்ட சிகிச்சை, குறைந்த அளவு மருந்தைப் போன்றே ஆபத்தானது. சிசுவின் சிகிச்சைக் காலத்தில் இத்தகைய குடும்பங்களுக்கு ஒரு சிறு உதவித்தொகையேனும் வழங்கப்படுமாயின், அது மருந்துக்குச் செலவிட்ட பணத்தைக் காப்பதாகவும் அமையும்.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023இல் நினைவுகூர்ந்தோம். மேடைகளில் அவர்களது உழைப்பு போற்றப்பட்டது. அந்நியச் செலாவணிக்கு அவர்கள் ஆற்றிய பங்களிப்பு எடுத்துரைக்கப்பட்டது. அந்தப் புகழுரைகளை அரசியல் தலைமைகள் உளமார்ந்து கூறியிருப்பின், அதனை நிரூபிப்பதற்கான வாய்ப்பு இப்போது இருக்கின்றது. வாக்குரிமை இல்லாத, கோஷமிட இயலாத, தன் வலியைச் சொல்லவும் அறியாத மூன்று நாள் குழந்தைக்காகப் பாராளுமன்றத்தில் குரல் கொடுப்பதைவிட உயர்ந்த பிரதிநிதித்துவம் எதுவுமில்லை. வரவு செலவுத் திட்டத்தில் பெரும் தொகையை வேண்டி நிற்கும் கோரிக்கையுமல்ல இது. ஒரு தராசு, ஓர் அட்டவணை, ஒரு சிறு ஊசிக்குழல், பயிற்சி பெற்ற ஒரு கை, தாயின் மொழியில் ஒரு வார்த்தை. இவை ஒவ்வொரு தோட்டத்துக்கும் எட்டும் தூரத்தில் இருப்பதைச் சம்பந்தப்பட்டோர் தாமதமின்றி உறுதிப்படுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.